சர்க்கரைக் காலும் பழநி நடையும்: அப்பச்சியை இந்த வருடம் போகவிடலாமா?

பள்ளத்தூரான் | மார்கழி 3, இரவு

எல்லோருக்கும் வணக்கம். இதை நாலைந்து தடவை எழுதி அழித்துவிட்டேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிறோமே என்று தயக்கம். ஆனால் நம் பக்கத்தில் என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்று தோன்றுகிறது.

அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 68 வயது. சர்க்கரை வந்து 19 வருடம். குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடந்து போவது அவருக்கு இளவயதிலிருந்தே பழக்கம். போன தையிலும் போனார், வேனில் திரும்பி வந்தார். மூன்றாம் நாள் காலையில் ஆத்தா முற்றத்தைச் சுற்றிக் கூட்டும்போது ஆத்தங்குடிக் கல்லில் பொட்டுப் பொட்டாக ரத்தம். பூனை எதையோ கடித்துக்கொண்டு வந்ததாக்கும் என்று நினைத்திருக்கிறார். அப்புறம்தான் தெரிந்தது, அது அப்பச்சியின் இடது காலிலிருந்து வந்தது. சீமைக் கருவேல முள் ஒன்று பெருவிரலுக்குக் கீழே முறிந்து உள்ளேயே இருந்தது. எங்கே குத்தியது, எப்போது குத்தியது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. முள்ளோடு எத்தனை மைல் நடந்தார் என்பதும் தெரியவில்லை.

முதலில் போன இடத்தில் சர்க்கரைச் சீட்டைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கட்டைப் பிரிக்கவில்லை. இரண்டாவது இடத்தில் பிரித்தார்கள், மேலே மருந்து வைத்துத் திரும்பக் கட்டினார்கள். மூன்றாவது இடத்துக்குப் போவதற்குள் மாசி பிறந்துவிட்டது. பெருவிரலும் பக்கத்து விரலும் போயின.

இப்போது புண் ஆறிவிட்டது. இந்தத் தைக்கும் நடக்கப் போகிறேன் என்கிறார். பேரன் பிறந்ததற்கு நேர்ந்துகொண்டது பாக்கி இருக்கிறதாம். தம்பி, "போகட்டும், சாமி காரியம்" என்கிறான். எனக்கு இரவில் தூக்கம் இல்லை.

நான் கேட்பது இரண்டு. ஒன்று, அவரைத் தடுப்பது சரிதானா? இரண்டாவதுதான் என்னை அரிக்கிறது. 19 வருடமாக மாதம் தவறாமல் டாக்டரிடம் போன மனிதர். அந்த 19 வருடத்தில் ஒருவர்கூட அவர் காலைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஏன்?

கொப்புடையாள் துணை | மார்கழி 3, இரவு

தம்பி, படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. நேர்ந்துகொண்டதை "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் நிறுத்தினால் பெரியவர் உள்ளுக்குள் உடைந்துவிடுவார். தடுப்பதற்கு முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஆத்தாளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு சிஸ்டர் | மார்கழி 4, காலை

நான் அறுவைச் சிகிச்சை வார்டில் முப்பது வருடத்துக்கு மேல் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். காரைக்குடிதான். தம்பியின் இரண்டாவது கேள்வியை நானும் வார்டில் நின்று பல தடவை கேட்டிருக்கிறேன்.

முதலில் முள் விஷயம். சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாமல் போனால் காலுக்கு வரும் நரம்பு மெல்ல மெல்லச் செத்துப்போகிறது. ஆரம்பத்தில் எரிச்சல், மதமதப்பு, பஞ்சில் நடப்பது போல் ஒரு உணர்வு. அப்புறம் அதுவும் போய்விடும். பல பேர் அந்தக் கட்டத்தில் "எரிச்சல் சரியாகிவிட்டது சிஸ்டர்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். எனக்கு அப்போதுதான் வயிறு கலங்கும். எரிச்சல் போனது பல நேரங்களில் குணமானதால் இல்லை, உணர்வே போனதால்.

செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்தது தெரியாமல் இரண்டு வீடு தள்ளி நடந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கால் முழுவதும் கொப்புளம் வந்து படுத்தவர்கள் உண்டு. கால் ஆணிக்கு மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டி, அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் தின்று, அது எலும்புவரை போனதும் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் அந்தப் பிளாஸ்திரியைத் தொடவே கூடாது. பிளேடால் ஆணியைச் சீவவும் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் ஒரு மருத்துவர் குழு உருவாக்கியது. கருவி ஒன்றும் வேண்டாம், உங்கள் ஆள்காட்டி விரல் போதும். சர்க்கரை உள்ளவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொட்டது தெரிந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும். வலது பெருவிரல் நுனி, வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், அப்புறம் வலது நடுவிரல், இடது நடுவிரல். ஆறு தொடல். இறகு படுவது போல ஒன்று, இரண்டு விநாடி தொட்டால் போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, கிள்ளக் கூடாது, தெரியவில்லை என்றால் திரும்பத் தொட்டுப் பார்க்கவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் நரம்பு போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

உங்கள் அப்பச்சிக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை, தம்பி. ஒரு தடவை புண் வந்தவர், விரல் எடுத்தவர் என்றால் ஆபத்து வரிசையில் அவர்தான் முதல் ஆள். மாதம் ஒரு முறை, அதிகம் போனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கால் தெரிந்தவர் ஒருவர் அவர் பாதத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் சர்க்கரை உள்ள மற்றவர்களுக்குச் செய்து பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வலியே இல்லாமல் ஒரு கால் மட்டும் சூடாகி, சிவந்து, வீங்கினால் அதைச் சுளுக்கு என்றோ வாதம் என்றோ எண்ணெய் போட்டு உருவக் கூடாது. உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். ஷார்கோ பாதம் என்பார்கள். அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே காட்ட வேண்டும்.

நத்தம் வழி | மார்கழி 4, மதியம்

நான் 22 வருடமாகக் காவடியோடு நடப்பவன். சிஸ்டர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். செருப்பில்லாமல் நடப்பது எங்களுக்குக் கஷ்டத்தைக் காட்டுவதற்காக இல்லை. சிங்கம்புணரி தாண்டி நத்தம் ரோட்டில் விடியற்காலையில் "அரோகரா" கேட்கும்போது தரைக்கும் நமக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது என்று தோன்றும். அதை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

வழியில் முகாம்களில் பிள்ளைகள் காலைக் கழுவி, உப்புப் போட்ட வெந்நீரில் வைத்து, தைலம் தேய்த்து, கொப்புளத்தை ஊசியால் குத்தி நூலை உள்ளே விட்டு நீரை எடுத்துவிடுவார்கள். அடுத்த நாள் நடந்துவிடுவோம். இத்தனை வருடத்தில் என் காலுக்கு ஒன்றும் வந்ததில்லை. எனக்கும் சர்க்கரை இருக்கிறது, ஆறு வருடமாக.

வார்டு சிஸ்டர் | மார்கழி 4, மாலை

அண்ணே, உங்கள் பக்தியைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைத்துப் பேசமாட்டேன். நானும் பிள்ளையார்பட்டிக்கு நடந்தவள்தான். ஆனால் நீங்கள் சொன்ன வெந்நீர், ஊசி, நூல் மூன்றும் உணர்வு உள்ள காலுக்கே நல்லதில்லை. உணர்வு போன காலுக்கு அது விஷம். ஒரே ஊசி எத்தனை பேர் காலுக்குப் போகிறது என்பது வேறு.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி வீட்டில் யாரையாவது விட்டு அந்த ஆறு விரலையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நடை வழியில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம் போலப் போட்டுக்கொண்டு, விரதம் என்று சரியாகச் சாப்பிடாமல் நாள் முழுவதும் நடந்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடக் கூடும். மடியில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். அளவைக் குறைப்பது பற்றிப் புறப்படுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சிவகங்கைச் சீமை பயிற்சி மருத்துவர் | மார்கழி 5, இரவு

டியூட்டி முடிந்து இப்போதுதான் படித்தேன். பள்ளத்தூர் அண்ணன் கேட்ட "ஏன்" எங்களைப் பார்த்துக் கேட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எம்.பி.பி.எஸ். படிப்பில் சர்க்கரைப் புண் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடம். அறுவைச் சிகிச்சைத் தேர்வில் அடிக்கடி வரும் நோயாளி அவர்தான். புண்ணின் விளிம்பு, தரை, நாற்றம், எலும்பு தட்டுகிறதா என்று எல்லாம் ஒப்பிப்போம். ஆனால் அது புண் வந்த கால். புண் வராத கால் வார்டுக்கு வருவதில்லை. அது மருந்துச் சீட்டோடு புறநோயாளி வரிசையில் நிற்கிறது. அங்கே ஒரு காலையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், மாத்திரை, அடுத்தவர். பாதப் பரிசோதனை பாடத்திட்டத்தில் இருக்கிறது. 10 கிராம் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பது, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பது, பாதத்தின் மேல் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. பெரியவர்கள் நோயாளி வரிசையில் தினமும் அதைச் செய்து நாங்கள் பார்த்திருந்தால் எங்கள் கையும் தானாக அங்கே போயிருக்கும். பார்க்காததால் போகவில்லை.

இதைவிட எளிய காரணம் ஒன்றும் இருக்கிறது. போன வாரம்தான் அது எனக்கு உறைத்தது. நம் ஊரில் எந்தக் கிளினிக்காக இருந்தாலும் வாசலில் என்ன எழுதியிருக்கிறது? "செருப்பை வெளியே விடவும்." சர்க்கரை நோயாளியின் காலைக் கெடுப்பது பெரும்பாலும் அவருடைய செருப்பு. அல்லது செருப்பே இல்லாதது. அந்தச் செருப்பு வாசலில் கிடக்கிறது. அவர் உள்ளே வந்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடுகிறார். மேசைக்குக் கீழே இருக்கும் காலை நான் பார்ப்பதே இல்லை. தேய்ந்த குதி, வாரில் ஒட்டிய ரத்தம், அடியில் ஏறிய ஆணி எதுவும் என் கண்ணில் படாது. இப்போது நான் சர்க்கரை உள்ளவர்களைச் செருப்போடு உள்ளே வரச் சொல்கிறேன். தரை துடைக்கும் அக்கா முதல் நாள் கோபப்பட்டார். காரணம் சொன்னேன். அவருக்கும் சர்க்கரை இருந்தது.

அளவைச் சொல்ல வேண்டும் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இந்தியாப் (INDIAB) என்ற ஆய்வு 2023ல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது. நாடு முழுவதற்கும் 11.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 14.4. சர்க்கரை வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஆயுளில் ஒரு முறையாவது காலில் புண்ணோடு வருவார்கள் என்பது உலக அளவிலான கணிப்பு. குன்றக்குடியில் கூடுகிற கூட்டத்தை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சிங்கையிலிருந்து | மார்கழி 6, காலை

தேவகோட்டைக்காரன், இப்போது சிங்கப்பூரில். இந்த இழையில் எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பாதப் பாதுகாப்பு வழிகாட்டிகள் எல்லாம் காலையிலிருந்து இரவுவரை ஷூ போடும் நாடுகளில் எழுதியவை. "வீட்டுக்குள்ளும் வெளியிலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள்" என்று சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. நம் வீட்டு வளவில் செருப்புப் போட்டு நடந்தால் அப்பத்தா சும்மா விடுவாரா? கோயில் பிராகாரத்தில்? சாமி அறையில்? நம் வாழ்க்கையைத் தெரியாதவர்கள் எழுதியதை நம் பெரியவர்கள் தலையில் கட்டுவது ஆராய்ச்சி ஆகுமா?

வேலூரில் படித்தவள் | மார்கழி 6, மாலை

அண்ணா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த அறிவு முழுவதும் வெளியிலிருந்து வந்ததில்லை. அதன் ஒரு வேர் நம் மண்ணில்தான் இருக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட் என்பதால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஆசை அதிகம்.

பால் பிராண்ட் என்று ஒரு அறுவை மருத்துவர். 1914ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். அவர் நோயாளிகளோடு இருந்து கவனித்துப் பார்த்தார். அழுகவில்லை. நோய் நரம்பைக் கொல்கிறது, வலி போய்விடுகிறது, வலி இல்லாததால் அவர்களே தெரியாமல் தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள், ஆணி ஏறிய காலோடு நடக்கிறார்கள். இரவில் சிலருக்கு விரல் குறைந்துபோவது எப்படி என்று விழித்திருந்து பார்த்தபோது, எலி கடித்துக்கொண்டிருந்தது. வலி தெரியாததால் அவர்கள் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

உணர்வில்லாத காலைக் காப்பாற்ற எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்பை வேலூர், கரிகிரிப் பக்கத்தில் தொழுநோயாளிகளுக்காகப் பயன்படுத்தினார்கள். பிராண்ட் 1966ல் அமெரிக்கா போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பார்த்தபோது இது வேலூரில் பார்த்த அதே கால் என்று அவருக்குத் தெரிந்தது. இன்று உலகம் முழுவதும் சர்க்கரைக் காலுக்குச் செய்யும் வைத்தியத்தில் அந்த அனுபவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

2004ல் சென்னையில் செய்த ஒரு ஆய்வு வெளியானது. உணர்வு போன சர்க்கரைக் கால்காரர்களில் சிகிச்சைச் செருப்புப் போட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் புதிதாகப் புண் வந்தது. தங்கள் பழைய செருப்பையே போட்டவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு வந்தது. இது நம் ரோட்டில், நம் வெயிலில், நம் ஆட்களிடம் பார்த்தது.

வீட்டுக்குள் செருப்பு என்பதற்கு என் நோயாளிகள் கண்டுபிடித்த வழி, தனியாக ஒரு ஜோடி. வாசல் தாண்டாத செருப்பு. ஒரு ஆயா அதற்கு "உள் செருப்பு" என்று பெயர் வைத்து, சாமி அறை வாசலில் மட்டும் கழற்றி வைக்கிறார். ரோட்டு அழுக்கு அதில் படவில்லை, பிறகென்ன தீட்டு என்று அவரே மருமகளிடம் வாதாடினாராம். கோயிலில் உச்சி வெயிலுக்கு முன்னால் போய்விட்டு வரலாம். கல் சுடுவது உங்களுக்குத் தெரியும், அந்தக் காலுக்குத் தெரியாது.

நடை பற்றிய இன்னொரு கணக்கு. உணர்வு குறைந்தும் இதுவரை புண் வராதவர்கள், சரியான செருப்போடு, தினமும் கூடுதலாக 1000 காலடி வரை நடப்பது ஆபத்தில்லை என்று 2023 சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. பழநி வழியில் ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் என்றால் முப்பதாயிரம் காலடிக்கு மேல். வெறுங்காலோடு. ஏற்கெனவே விரல் எடுத்தவருக்கு மீதி இருக்கும் எலும்பில் அழுத்தம் இன்னும் கூடும். பள்ளத்தூர் அண்ணா, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், நடக்க விடாதீர்கள்.

தோல் வேலை | மார்கழி 7, காலை

நான் மருத்துவச் செருப்புச் செய்கிறவன். சுருக்கமாகச் சொல்கிறேன். பெருவிரல் இடுக்கில் வார் மாட்டும் செருப்பு வேண்டாம். உணர்வில்லாத விரல் அதைப் பிடித்துக்கொள்ளாது, வார் அறுத்துவிடும். பின்னால் குதியைச் சுற்றி வார் இருக்க வேண்டும், முன்னால் வெல்க்ரோ. உள்ளே மெத்தை, வெளியே முள் ஏறாத கெட்டி அடி. ஆணி அடித்த செருப்பு கூடவே கூடாது, ஒட்டித் தைத்ததாக இருக்கட்டும். அளவை சாயங்காலம் எடுங்கள், அப்போதுதான் கால் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். வெள்ளைத் தாளில் காலை வைத்து பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். போடும்போதெல்லாம் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கல் கிடந்தால் கைக்குத்தான் தெரியும்.

விரல் எடுத்த காலுக்குக் கடையில் வாங்காதீர்கள். அந்த வெற்றிடத்தை அடைத்து அளவெடுத்துச் செய்ய வேண்டும்.

கோட்டையூர் மருமகள் | மார்கழி 7, இரவு

ஆராய்ச்சி என்றதும் எனக்கு வேறு ஒரு ஞாபகம். எங்கள் அயித்தை சில வருடங்களுக்கு முன் கால் எரிச்சலுக்காக வெளியூரில் ஒரு இடத்துக்குப் போனார். பல பக்கங்கள் உள்ள தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாம் ஆங்கிலம். "இலவசமாக மருந்து கொடுக்கிறார்கள்" என்று மட்டும் அயித்தைக்குப் புரிந்தது. அது ஒரு ஆராய்ச்சி என்பது எட்டு மாதம் கழித்து வேறொரு டாக்டர் அந்தத் தாளைப் படித்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் அங்கிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. அந்த மருந்து வேலை செய்ததா இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை. அயித்தைக்கு உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "என்னை ஏமாத்திப்புட்டாக" என்று இன்றும் சொல்வார். அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கும் முழு மனதோடு போவதில்லை. இப்போது கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் காட்டவே மாட்டேன் என்கிறார்.

சிவகங்கைச் சீமை பயிற்சி மருத்துவர் | மார்கழி 8, அதிகாலை

அக்கா, உங்கள் அயித்தைக்கு நடந்தது தவறு, அதில் இரண்டு கருத்து இல்லை. ஐ.சி.எம்.ஆர். 2017ல் வெளியிட்ட நெறிமுறைகளும் 2019 மருந்துப் பரிசோதனை விதிகளும் சொல்வது, நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், இது ஆராய்ச்சி என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையாது. கையெழுத்திட்ட தாளின் ஒரு நகல் நோயாளி கையில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். யாராவது உங்களிடம் கையெழுத்துக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது: "இது வைத்தியமா, ஆராய்ச்சியா?" மருந்துப் பரிசோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன என்றும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, இங்கே சொல்கிறேன். குன்றக்குடியில் புறப்படுவதற்கு முன் சர்க்கரை உள்ளவர்களின் காலைப் பார்த்து, யார் காலில் உணர்வு இல்லை என்று அவர்களிடமே சொல்லி, திரும்பி வந்தபின் மறுபடி பார்த்துக் கணக்கெடுத்தால், சிங்கை அண்ணன் கேட்ட ஆராய்ச்சி அதுவாக இருக்கும். நம் பாதம், நம் ரோடு, நம் விரதம். அதை நெறிமுறைக் குழு அனுமதியோடு, தமிழில் எழுதிய ஒப்புதல் தாளோடு செய்ய வேண்டும். முடிவை அடுத்த தைக்கு அதே மக்களிடம் வந்து சொல்ல வேண்டும். கல்லூரியில் ஒரு பேராசிரியரிடம் பேச நேரம் கேட்டிருக்கிறேன்.

ஆராய்ச்சி இல்லாமலே நாளைக்கே செய்யக் கூடியதும் இருக்கிறது. புதிய பாடத்திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் அந்தப் பிள்ளைகள் ஆறு விரலையும் தொடட்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்காமார்களுக்கும் இதைக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் போதும். 2021லிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்கும் கைக்கும் காலுக்கும் நடுவில் மூன்று அடி தூரம்தான்.

சிங்கையிலிருந்து | மார்கழி 8, காலை

கொல்லிமலைக் கதை எனக்குத் தெரியாது. நன்றி, தங்கச்சி. அந்தத் தாளைத் தமிழில் எழுதும் வேலை வந்தால் சொல்லுங்கள், நான் செய்கிறேன்.

நத்தம் வழி | மார்கழி 9, இரவு

சிஸ்டர், நேற்று ராத்திரி என் மகள் தொட்டுப் பார்த்தாள். ஆறும் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அதோடு விட்டிருப்பேன். மகள்தான் "உங்க கூட்டத்துல மத்தவுகளுக்கும் பாருங்கப்பா" என்றாள்.

இன்று எங்கள் குழுவில் சர்க்கரை உள்ள ஐந்து பேரை வரச்சொன்னேன். மூன்று பேருக்கு எல்லாம் தெரிந்தது. ஒருவருக்கு நான்கு தெரிந்தது. இன்னொருவர், எனக்கு முன்பிருந்தே நடப்பவர், நான் ஆறாவது விரலைத் தொட்டு முடித்த பின்னும் கண்ணை மூடியபடி படுத்திருந்தார். "எப்ப ஆரம்பிக்கப் போறே?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு இருவரையும் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். முகாம் நடத்தும் பிள்ளைகளிடமும் பேசிவிட்டேன். இந்த வருடம் ஊசி நூல் கிடையாது, வெந்நீர் கிடையாது. காலைக் கழுவித் துடைத்து, டார்ச் அடித்து அடிப்பாதத்தைப் பார்ப்பது மட்டும். முள்ளோ வெட்டோ தெரிந்தால் அவரை அதற்கு மேல் நடக்க விடாமல் வண்டியில் ஏற்றுவது.

பள்ளத்தூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஐயா கடைசி நாலு வருடம் நடக்கவில்லை. குன்றக்குடிக்கு வந்து காவடி புறப்படுவதைப் பார்த்து எங்களுக்குத் திருநீறு பூசி அனுப்பிவிட்டு, பழநியில் வேனில் வந்து எங்களுக்கு முன்னால் நிற்பார். விஞ்சில் மலை ஏறுவார். அவர் நேர்த்தி நிறைவேறவில்லை என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. அப்பச்சிக்கு என் போன் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். நான் பேசினால் கேட்பாராக இருக்கும்.

பள்ளத்தூரான் | மார்கழி 12, இரவு

சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். அண்ணன் ஏற்கெனவே போனில் பேசியிருந்தார். அப்பச்சி எதுவும் சொல்லாமல் இருந்தார், சம்மதம் என்றும் சொல்லவில்லை.

சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது, வீட்டில் சர்க்கரை உள்ள மற்றவர்களுக்கும் பாருங்கள் என்று. ஆத்தாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. அப்பச்சியின் கால் வைத்தியத்தில் நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். வளவில் பாயை விரித்து ஆத்தாவைப் படுக்க வைத்தேன். அப்பச்சி பட்டாலையில் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது பெருவிரல். ஆத்தா பேசவில்லை. வலது சுண்டுவிரல். பேசவில்லை. இடது பெருவிரலைத் தொட்டபோது "இடது" என்றார். இடது சுண்டுவிரலுக்கும் பதில் வரவில்லை. நடுவிரல் இரண்டும் தெரிந்தது. ஆறில் மூன்று. "முடிச்சுட்டியா?" என்று கேட்டு எழுந்து உட்கார்ந்தார். தெரியாமல் போனது மூன்று என்று சொன்னதும், "எரிச்சல் நின்னு போச்சே, நல்லாயிருச்சுன்டுல்ல நெனச்சேன்" என்றார்.

அப்பச்சி இறங்கி வந்தார். மெதுவாக ஆத்தாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். குதியில் ஒரு வெடிப்பு இருந்தது, ஆழமாக. அதை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் தாளும் பென்சிலும் கொண்டுவரச் சொன்னார். சாயங்காலம்தான் அளவெடுக்க வேண்டும் என்று சொன்னேன். சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இருவருக்கும் அளவு எடுத்தாயிற்று, நாலு தாள். தோல் வேலை அண்ணே, நாளைக் காலையில் கொண்டுவருகிறேன். வெளியே போட ஒன்று, உள் செருப்பு ஒன்று, ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும். குன்றக்குடியில் புறப்பாட்டு அன்றைக்கு வேனில் இரண்டு இடம் சொல்லிவைக்கச் சொன்னார் அப்பச்சி.